அழிந்த விலங்குகளை மீண்டும் பிறக்கவைக்கலாமா?

அடியோடு அழிந்துபோன பிறகு குளோனிங் மூலம் மறுபடி பிறந்த விலங்கினம் என்று இதுவரை ஒன்றே ஒன்றுதான் உண்டு. அப்படிப் பிறந்த குட்டி உயிரோடு இருந்தது சில நிமிடங்கள்.

ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவே நீளும் பிரனீஸ் மலைத்தொடரில் புக்கார்டோ என்ற காட்டு மலையாடு வாழ்ந்துவந்தது. பெரிய கொம்புகளுக்காக அதை வேட்டையாடித் தீர்த்தார்கள். 1999இல் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பெண் ஆடு, பெயர் செலியா. ஓர்தேசா தேசியப் பூங்காவில் அதைப் பிடித்து, காதிலிருந்து கொஞ்சம் தோலைக் கிள்ளி எடுத்து, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டித் திரும்ப விட்டார்கள். அந்தத் தோல் செல்கள் திரவ நைட்ரஜனில் உறையவைக்கப்பட்டன. 2000 ஜனவரியில் பட்டையிலிருந்து வந்த சிக்னல் மாறியது. தேடிப் போனவர்கள் கண்டது, சாய்ந்து விழுந்த மரத்தின் அடியில் நசுங்கிக் கிடந்த செலியாவை.

அப்புறம் ஹோசே ஃபோல்ச், அல்பெர்த்தோ ஃபெர்னாண்டஸ்-அரியாஸ் ஆகியோரின் குழு, உறையவைத்த செல்லின் உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கப்பட்ட வீட்டு ஆட்டின் முட்டைக்குள் வைத்துக் கருக்களை உருவாக்கியது. 57 பெண் ஆடுகளின் கருப்பையில் அவற்றை வைத்தார்கள். ஏழு ஆடுகள் சினையாயின. ஒன்று மட்டும் கடைசிவரை தாங்கியது. 2003 ஜூலை 30 அன்று அறுவை செய்து குட்டியை வெளியே எடுத்தபோது அது மூச்சுக்குத் திணறியது. நுரையீரலில் கூடுதலாக ஒரு கட்டியான மடல் வளர்ந்திருந்தது. காற்று புக இடமில்லை. மருத்துவர்கள் கையிலேயே குட்டி இறந்தது. ஒரே இனம் இரண்டு தடவை அழிந்துபோனது.

அழிந்த விலங்குகளை மீட்பது பற்றிப் பேசும்போதெல்லாம் நான் இந்த ஆட்டிலிருந்துதான் தொடங்குவேன். மாமூத் என்ற ரோம யானை, டோடோ பறவை, டாஸ்மேனியப் புலி என்ற பையுள்ள வேட்டை விலங்கு என்று எதை எடுத்தாலும் அவற்றைவிட இங்கே வேலை எத்தனையோ மடங்கு சுலபம். இனம் அழிவதற்குச் சில மாதங்கள் முன்பு எடுத்த முழு செல் கையில் இருந்தது. வாடகைத் தாயாக நெருங்கிய உறவுள்ள ஆடுகள் இருந்தன. போய் வாழ மலையும் இருந்தது. அப்படியும் கிடைத்தது ஒரு குட்டி, சில நிமிடங்கள். அது பிழைத்திருந்தாலும் அடுத்த கேள்வி காத்திருந்தது: செலியாவின் செல்லிலிருந்து பிறக்கும் எல்லாக் குட்டியும் பெண்தான். கிடா எங்கிருந்து வரும்?

முதல் தெளிவு இங்கே தேவை. குளோனிங் என்ற சொல்லை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறோம். 1996இல் குளோனிங்கில் பிறந்த டாலி ஆட்டை உருவாக்கிய முறைக்கு, சிதையாத உட்கருவோடு கூடிய செல் வேண்டும். உடல் செத்ததுமே செல்லுக்குள் இருக்கும் நொதிகள் டிஎன்ஏவை வெட்ட ஆரம்பித்துவிடும். பாக்டீரியா, நீர், வெப்பம் எல்லாம் சேர்ந்து மிச்சத்தை நொறுக்கும். நியூசிலாந்தின் மோவா பறவை எலும்புகளை வைத்து 2012இல் வெளியான ஆய்வு, அந்த எலும்புகள் கிடந்த சூழலில் டிஎன்ஏவின் பிணைப்புகளில் பாதி உடைய சுமார் 521 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டது. உறைபனியில் இன்னும் வெகுகாலம் தாங்கும்: சைபீரிய மாமூத் பற்களிலிருந்து பத்து லட்சம் ஆண்டுக்கு மேற்பட்ட டிஎன்ஏவும், கிரீன்லாந்து மண்ணிலிருந்து இருபது லட்சம் ஆண்டு பழைய டிஎன்ஏவும் கிடைத்திருக்கின்றன. ஆனால் கிடைப்பதெல்லாம் துணுக்குகள். ஆறரைக் கோடி ஆண்டுக்கு முன்பு போன டைனோசருக்கு அதுவும் இல்லை. டைனோசர் பேச்சை இதோடு விட்டுவிடலாம்.

பனியில் புதைந்து ரோமத்தோடு கிடைக்கும் மாமூத்தின் உடலிலும் குளோனிங்குக்கு உதவும் செல் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. அதனால் மாமூத்தை யாரும் குளோன் செய்யப்போவதில்லை. இன்று நடப்பது வேறொரு வேலை. துணுக்குகளை வரிசைப்படுத்தி, அழிந்த விலங்கின் மரபணுத் தொகுப்பைக் கணினியில் முடிந்தவரை கோர்க்கிறார்கள். உயிரோடு இருக்கும் உறவுக்கார விலங்கின் தொகுப்போடு ஒப்பிட்டு, எந்தெந்த இடத்தில் வேறுபடுகிறது என்று பார்க்கிறார்கள். அந்த இடங்களில் சிலவற்றை, டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் என்ற கருவி கொண்டு உறவுக்கார விலங்கின் செல்லில் திருத்துகிறார்கள். அதன் பிறகுதான் டாலி முறை வருகிறது. திருத்தப்பட்ட அந்த செல்லைத்தான் குளோன் செய்கிறார்கள்.

டயர் வுல்ஃப் என்பது ஓநாயைப் போன்ற, அழிந்துபோன ஒரு விலங்கு. 2025 ஏப்ரலில் உலகம் முழுக்கச் செய்தியான டயர் வுல்ஃப் குட்டிகள் அப்படி வந்தவைதான். அமெரிக்காவின் கொலோசல் நிறுவனம் 13,000 ஆண்டு பழைய பல் ஒன்றிலிருந்தும் 72,000 ஆண்டு பழைய மண்டையோடு ஒன்றிலிருந்தும் டிஎன்ஏ எடுத்தது. சாம்பல் ஓநாயின் செல்லில் 14 மரபணுக்களில் 20 திருத்தங்கள் செய்தது. வீட்டு நாய்களின் வயிற்றில் மூன்று குட்டிகள் வளர்ந்து பிறந்தன. உடல் பெரிது, ரோமம் வெண்மை. சாதாரண வேலை இல்லை இது. ஒரே செல்லில் இத்தனை திருத்தங்களைப் பிழையில்லாமல் செய்து, அதிலிருந்து ஆரோக்கியமான பாலூட்டியைப் பிறக்கவைப்பது பத்தாண்டுக்கு முன்பு கனவு. ஆனால் ஓநாயின் மரபணுத் தொகுப்பில் இருநூறு கோடிக்கும் மேல் எழுத்துகள் உண்டு. டயர் வுல்ஃபின் பரம்பரை சாம்பல் ஓநாயின் பரம்பரையிலிருந்து சுமார் 57 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது என்று 2021இல் ஒரு ஆய்வு சொன்னது. இருபது எழுத்துத் திருத்தம் அந்த இடைவெளியை நிரப்பிவிடாது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நாய்க்குடும்ப வல்லுநர் குழு இவை டயர் வுல்ஃப் அல்ல என்று தெளிவாக அறிவித்தது. நிறுவனத்தின் தலைமை அறிவியலாளர் பெத் ஷாப்பிரோவே பிற்பாடு ஒரு பேட்டியில், இவை இருபது திருத்தங்கள் செய்யப்பட்ட சாம்பல் ஓநாய்கள் என்று ஒப்புக்கொண்டார்.

திருத்தங்களை நிறையச் செய்தால் முழு விலங்கு வந்துவிடாதா? அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிந்த கிறிஸ்மஸ் தீவு எலியின் டிஎன்ஏவை, உயிரோடிருக்கும் பழுப்பு எலியோடு வைத்து 2022இல் ஒரு குழு ஒப்பிட்டது. இரண்டும் நெருங்கிய சொந்தம். மாதிரிகளும் ரொம்பப் பழையவை இல்லை. இதைவிட நல்ல வாய்ப்பு அமைவது அரிது. அப்படியும் சுமார் ஐந்து சதவீதம் மீளவில்லை. காணாமல்போன பகுதி எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் உதிரி எழுத்துகளாக இருந்தால் பரவாயில்லை. பெரும்பாலும் மோப்பத்துக்கும் நோய் எதிர்ப்புக்கும் உரிய மரபணுக்கள் அவை. வேகமாக மாறும் மரபணுக்கள் என்பதால் உறவுக்கார எலியை வைத்து ஊகிக்கவும் முடியவில்லை. ஒரு எலியை அந்த எலியாக ஆக்குவதே அதன் மோப்பம்தான். அது இல்லாமல் உருவாக்கினால் கிடைப்பது அந்தத் தீவில் வாழ்ந்த எலி அல்ல. சாயலில் ஒத்த வேறொன்று.

பறவைகளுக்கு இந்த வழியும் அடைபட்டிருக்கிறது. மஞ்சள் கருவோடு கூடிய பெரிய முட்டைக்குள் உட்கருவை மாற்றிவைக்க இதுவரை யாராலும் இயலவில்லை. கருவிலேயே இனப்பெருக்க செல்களை எடுத்துத் திருத்தி, இன்னொரு பறவையின் கருவுக்குள் செலுத்தி, அது வளர்ந்து இடும் முட்டைக்காகக் காத்திருக்க வேண்டும். டோடோவுக்கு அந்தச் சுற்றுவழிதான்.

மரபணுவைத் தாண்டி இன்னொன்று இருக்கிறது. இதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. விலங்கு எப்படி வாழ வேண்டும் என்பதில் பெரும்பங்கு டிஎன்ஏவில் எழுதப்பட்டிருப்பதில்லை. வட அமெரிக்காவின் வூப்பிங் கொக்குகளை எடுத்துக்கொள்வோம். அழிவின் விளிம்பிலிருந்து மீட்கப்பட்ட இனம். கூண்டில் பொரித்த குஞ்சுகளுக்கு வலசை போகும் பாதை தெரியவில்லை, ஏனென்றால் காட்ட மூத்த பறவை இல்லை. அதனால் 2001இலிருந்து, வெள்ளை அங்கி போர்த்திய மனிதர்கள் மிகச்சிறிய விமானத்தில் முன்னே பறந்து, விஸ்கான்சினிலிருந்து ஃப்ளோரிடா வரை குஞ்சுகளைக் கூட்டிப்போனார்கள். பாதையைக் குஞ்சுகள் கற்றுக்கொண்டன. ஆனால் வளர்ந்து ஜோடி சேர்ந்தபோது தங்கள் குஞ்சுகளைச் சரியாக வளர்க்கத் தெரியவில்லை. 2016இல் அமெரிக்க அரசு அந்த முறையைக் கைவிட்டது. மரபணுவில் குறையே இல்லாத, உயிரோடு இருக்கும் ஒரு இனத்தின் கதை இது. யானைகளைப் போலவே மாமூத்தும் கூட்டமாக வாழ்ந்த விலங்கு. எந்தப் பருவத்தில் எங்கே நீர் கிடைக்கும், எதைத் தின்னலாம், எதற்கு அஞ்ச வேண்டும் என்று பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போகும் அறிவு நான்காயிரம் ஆண்டுக்கு முன்பு ரேங்கல் தீவில் கடைசி மாமூத்தோடு முடிந்துவிட்டது. ஆய்வகத்தில் பிறக்கும் குட்டிக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை.

சரி, தாய் யார்? மாமூத்துக்கு நெருங்கிய சொந்தம் ஆசிய யானை. அது தானே அழியும் ஆபத்தில் உள்ள இனம். 22 மாதம் சுமந்து ஒரு குட்டி போடும் விலங்கு. டாலி பிறக்க 277 முயற்சிகள் தேவைப்பட்டன. குளோன் செய்த கருக்கள் கலைவது, அளவுக்கு மீறிப் பெருப்பது, பிறந்ததும் இறப்பது எல்லாம் தெரிந்த விஷயங்கள். கன்றுக்குட்டிகளிலும் ஆடுகளிலும் திரும்பத் திரும்பப் பார்த்தவை. இந்தச் சோதனையை யானையின் உடலில் நடத்த எனக்குச் சம்மதமில்லை. ஒவ்வொரு பெண் யானையின் ஒவ்வொரு சினைக்காலமும் யானைக் கூட்டத்துக்கே வேண்டும். செயற்கைக் கருப்பையில் வளர்க்கலாம் என்று கொலோசல் சொல்கிறது. சினைக்காலம் முழுவதும் எந்தப் பாலூட்டியையும் அப்படி வளர்த்துப் பிறக்கவைத்ததில்லை. ஒரு சுண்டெலியைக்கூட.

இத்தனை தடைகளையும் என்றாவது ஒருநாள் தாண்டிவிடலாம். விஞ்ஞானத்தில் முடியாது என்று அடித்துச் சொல்வதற்கு நான் துணியமாட்டேன். ஆனால் முடியுமா என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி வேறு: அந்த விலங்கைக் கொன்றது எது, அது இப்போது போய்விட்டதா?

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தின் மழைக்காட்டு ஓடைகளில் ஒரு தவளை இருந்தது. தாய் தன் கருவுற்ற முட்டைகளை விழுங்கிவிடும். முட்டைகளைச் சுற்றியிருக்கும் ஒரு வேதிப்பொருள் வயிற்றில் அமிலம் சுரப்பதை நிறுத்திவைக்கும். ஆறு வாரத்துக்கும் மேல் தாய் எதுவும் தின்னாமல் இருக்கும். வயிறு வீங்கி நுரையீரல் நசுங்கும். தோலால் மூச்சு விடும். கடைசியில் வாயைத் திறக்க, முழுதாக வளர்ந்த குட்டித் தவளைகள் ஒவ்வொன்றாக வெளியே குதிக்கும். அமிலச் சுரப்பு எப்படி நிற்கிறது என்று தெரிந்தால் மனிதர்களின் வயிற்றுப்புண்ணுக்கே மருந்து கிடைக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஆர்வமாக இருந்தார்கள். படித்து முடிக்கும் முன்பே 1980களில் தவளை மறைந்துவிட்டது. 2013இல் மைக் ஆர்ச்சரின் குழு, ஃப்ரீசரில் பல ஆண்டுகளாகக் கிடந்த திசுவிலிருந்து உட்கருவை எடுத்து இன்னொரு தவளையின் முட்டையில் வைத்தது. கருக்கள் பிளந்து வளரத் தொடங்கின. சில நாட்களுக்கு மேல் எதுவும் தாங்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை. மீட்டே ஆக வேண்டிய ஒரு உயிர் இருந்தால் அது இதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் இந்தத் தவளையின் அழிவுக்குப் பெரிதும் காரணமாகக் கருதப்படும் கைட்ரிட் பூஞ்சை இன்றும் உலகின் ஓடைகளில் இருக்கிறது. தவளைகளின் தோலைத் தாக்கிக் கொல்லும் அந்தப் பூஞ்சையைக் காட்டிலிருந்து நீக்கும் வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. தவளையை உருவாக்கினாலும் அது கண்ணாடித் தொட்டியில்தான் வாழ வேண்டும்.

டாஸ்மேனியப் புலிக்கு இந்தக் கேள்வி வேறு மாதிரி விடை தருகிறது. ஆடுகளைத் தின்கிறது என்று சொல்லி 1888 முதல் 1909 வரை டாஸ்மேனிய அரசே தலைக்கு ஒரு பவுண்டு கொடுத்துக் கொல்லவைத்தது. 2,184 பரிசுகள் வழங்கப்பட்டதற்குக் கணக்கு இருக்கிறது. இனத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது 1936 ஜூலையில். கடைசி விலங்கு ஹோபார்ட் விலங்குக்காட்சிசாலையில் செத்தது அதே ஆண்டு செப்டம்பர் 7 அன்று. இங்கே கொன்றது மனிதன், அந்தக் கொலை நின்றுவிட்டது, காடும் கணிசமாக மிச்சமிருக்கிறது. பிறக்கும்போது குட்டி அரிசி மணியளவுதான் என்பதால் தாயின் உயிருக்கும் ஆபத்து குறைவு. நாம் செய்த பாவத்துக்குப் பரிகாரம் என்று வாதிடுபவர்கள் கையில் இதைவிட வலுவான உதாரணம் இல்லை. அந்த உணர்வை நான் மதிக்கிறேன். இருந்தாலும் இங்கே எலியளவே உள்ள டன்னார்ட் என்ற பையுயிரியின் செல்லைத் திருத்தித்தான் தொடங்க வேண்டும். இரண்டு பரம்பரைகளுக்கும் நடுவே கோடிக்கணக்கான ஆண்டுகள் இருக்கின்றன. நாய்க்கு ஓநாய் சொந்தம் என்பதுபோன்ற நெருக்கம் இல்லை. சுடப்பட்ட அந்த விலங்குக்கு இதனால் எதுவும் ஆகப்போவதில்லை. அது வாழ்ந்த காட்டுக்குப் பயன்படுமா என்று கேட்கலாம்.

காட்டுக்குப் பயன் என்று கேட்க ஆரம்பித்தால் குளோனிங் இல்லாத வழிகளும் கண்ணில் படும். மொரீஷியஸுக்கு அருகே இல் ஓ எக்ரெட் என்ற குட்டித் தீவில் பெரிய ஆமைகள் அழிந்துபோனதால் கருங்காலி மரத்தின் பழங்களைத் தின்று விதையைப் பரப்ப ஆளில்லை. பழங்கள் மரத்தடியிலேயே விழுந்து கிடந்தன. 2000இலிருந்து அல்டாப்ரா தீவின் ராட்சத ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். வேறு இனம்தான், வேலை அதே வேலை. ஆமையின் குடல் வழியே வந்த விதைகள் நன்றாக முளைத்தன, தீவெங்கும் கன்றுகள் எழுந்தன. புக்கார்டோவின் மலையிலும் இதே கதை. ஸ்பெயினின் இன்னொரு பகுதியில் வாழும் அதே இனத்தின் வேறொரு கிளையைச் சேர்ந்த மலையாடுகளை 2014இல் பிரான்ஸ் கொண்டுவந்து பிரனீஸில் விட்டது. அவை அங்கே பெருகி நூற்றுக்கணக்கில் மேய்கின்றன. செலியாவின் குளோனுக்குக் கொட்டிய உழைப்பு தராததை, சில லாரிப் பயணங்கள் தந்தன.

பணம் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. அழிந்த இனங்களை மீட்டுக் காட்டில் பராமரிக்க ஆகும் செலவை உயிரோடிருக்கும் இனங்களுக்குச் செலவிட்டால் பல மடங்கு இனங்கள் பிழைக்கும் என்று 2017இல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துத் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. இந்தப் பணம் தனியார் முதலீடு, இல்லையென்றால் விலங்குகளுக்கு வந்தே இருக்காது என்கிறார்கள். உருவாக்கும் வரைக்கும் அது சரி. உருவாக்கிய பிறகு காவல், காப்பகம், மருத்துவம் எல்லாம் பொதுப் பணத்தில்தான் வந்து நிற்கும்.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் வேறு. போனால் திரும்பக் கொண்டுவரலாம் என்ற எண்ணம் பரவினால், காப்பாற்றும் சட்டங்களின் பிடி தளரும். வெறும் கற்பனைப் பயம் இல்லை இது. டயர் வுல்ஃப் அறிவிப்பு வந்த கையோடு அமெரிக்க உள்துறைச் செயலர் டக் பர்கம் அதைப் பாராட்டி, அழியும் இனங்களைக் காக்க ஒழுங்குமுறைகளைவிடப் புதுமைகளையே நம்ப வேண்டும் என்ற தொனியில் எழுதினார். காட்டை வெட்ட அனுமதி கேட்பவருக்கு இதைவிட வசதியான வாதம் கிடைக்காது.

அப்படியானால் இந்தத் தொழில்நுட்பத்தை மூட்டை கட்டிவிடலாமா? கூடாது. அது நன்றாக உதவும் இடம் ஒன்று இருக்கிறது, அங்கே வேலையும் நடந்துகொண்டிருக்கிறது.

அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் கருங்கால் ஃபெரெட், கீரியைப் போன்ற ஒல்லியான வேட்டை விலங்கு. அழிந்துவிட்டது என்று நினைத்திருந்தபோது 1981இல் வயோமிங்கில் ஒரு பண்ணை நாய் ஒரு ஃபெரெட்டைக் கவ்விக்கொண்டு வந்து வீட்டு வாசலில் போட்டது. தேடிப் பிடித்ததில் கடைசியாகக் கிடைத்தவை 18. அவற்றில் ஏழின் வம்சம்தான் இன்றைக்கு இருக்கும் அத்தனை ஃபெரெட்டும். எல்லாம் ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தம் என்பதால் ஒரே நோய் அனைத்தையும் வாரிக்கொண்டு போகலாம். அந்தப் பதினெட்டில் வில்லா என்ற பெண் ஒன்று இருந்தது. அதன் வம்சம் நிலைக்கவில்லை. ஆனால் 1988இல் எடுத்த அதன் செல்கள் சான் டியாகோவின் உறை சேமிப்பகத்தில் இருந்தன. இன்றைய ஃபெரெட்டுகளிடம் இல்லாத மரபணு வகைகள் அந்தச் செல்களில் இருந்தன.

2020 டிசம்பரில் வில்லாவின் குளோன் எலிசபெத் ஆன் பிறந்தது. கருப்பையில் கோளாறு இருந்ததால் அதனால் குட்டி போட முடியவில்லை. 2023இல் நோரீன், அன்டோனியா என்று இன்னும் இரண்டு குளோன்கள் பிறந்தன. 2024இல் அன்டோனியா இயல்பாக இணைசேர்ந்து குட்டி போட்டது. அமெரிக்காவின் அழியும் விலங்கு ஒன்றின் குளோன் குட்டி ஈன்றது அதுவே முதல் தடவை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அறுந்துகிடந்த ஒரு வம்சம் இனத்துக்குள் திரும்ப வந்துவிட்டது. இங்கே வாடகைத் தாயாக இருந்தது எந்த ஆபத்திலும் இல்லாத வீட்டு ஃபெரெட். இனம் உயிரோடு இருக்கிறது, வாழ்விடம் இருக்கிறது, இணைசேரக் கூட்டாளி இருக்கிறது. மங்கோலியாவின் ப்ரெஸ்வால்ஸ்கி குதிரைக்கும் இதே வழியில், 1980இல் உறையவைத்த செல்லிலிருந்து 2020இல் ஒரு ஆண் குட்டி பிறந்தது.

இது சாத்தியமானதற்கு ஒரே காரணம், பாலூட்டிகளைக் குளோன் செய்வது கைகூடாத 1970களிலிருந்தே சான் டியாகோவில் சிலர் எதிர்காலத்தை நம்பி செல்களைச் சேர்த்துவைத்ததுதான். ஒரு துண்டுத் தோல், ஒரு ஆய்வகம், தடைபடாமல் நிரப்பப்படும் திரவ நைட்ரஜன். மாமூத்துக்குப் போகும் பணத்தோடு ஒப்பிட்டால் இது சில்லறை. ஆனாலும் அழியும் நிலையிலுள்ள எத்தனையோ இனங்களின் செல்கள் இன்னும் எங்கும் சேமிக்கப்படவில்லை.

இதே திறமை இந்த நிமிடம் தேவைப்படும் விலங்கு வடக்கு வெள்ளைக் காண்டாமிருகம். கடைசி ஆண் சூடான் 2018 மார்ச்சில் கென்யாவில் இறந்தது. அதன் மகள் நாஜினும் பேத்தி ஃபாத்துவும் மட்டுமே மிச்சம். இரண்டாலும் குட்டி சுமக்க முடியாது. பயோரெஸ்கியூ குழு ஃபாத்துவின் முட்டைகளையும், இறந்த ஆண்களின் உறைவிந்தையும் சேர்த்துக் கருக்களை உருவாக்கி வைத்திருக்கிறது. அவற்றைச் சுமக்கப்போவது, எண்ணிக்கையில் அதிகமுள்ள தெற்கு வெள்ளைக் காண்டாமிருகங்கள். முறை வேலைசெய்யுமா என்று பார்க்க, தெற்கு இனத்தின் கருவையே வைத்துச் சோதித்தார்கள். கரு 70 நாள் வளர்ந்தது. சோதனைக்குத் தொடர்பில்லாத ஒரு பாக்டீரியாத் தொற்றில் தாய் இறந்துவிட்டது. 2024 ஜனவரியில் வெளியான இந்தச் செய்தி, வழி திறந்துவிட்டது என்பதையும் காட்டியது. குழு அவசரப்படுவதற்குக் காரணம் உண்டு. நாஜினும் ஃபாத்துவும் உயிரோடு இருக்கும்போதே குட்டி பிறந்தால், வடக்கு வெள்ளைக் காண்டாமிருகமாக எப்படி நடப்பது, எப்படி மேய்வது என்று அவற்றிடமே கற்றுக்கொள்ளும். நாஜின் பிறந்தது 1989இல்.